எனக்காக ஜெபம் பண்ணாதீங்கப்பா

அத்தியாயம் 11

போன சனிக்கிழமை சொன்ன அந்த ஒரு வரி, இந்த வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து போகவில்லை.

"இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதீங்கப்பா."

சொன்னவள் ராங்கி. மூன்று வயதில் எதைக் கேட்டாலும் "மாட்டேன்" என்று நின்ற பிள்ளைக்கு அப்பா வைத்த செல்லப் பெயர். இருபத்தொரு வயதிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கும், போன வாரம் படித்துவிட்டு மறந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கணக்குத் தேர்வில் ராங்கி தோற்றுப்போனாள். இருபது கணக்கு. இருபதும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. அவளுக்குப் பத்தொன்பது சரி. ஒன்றில் புள்ளியை விட்டுவிட்டாள். இரண்டரை வர வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. காகிதத்தில் அது ஒரு புள்ளி. கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பத்து மடங்கு மருந்து. அதை நினைத்து அவளே நடுங்கிப்போய் அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாதம்மா."

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். "ஜெபம் பண்ணிக்கோங்க" என்றாள்.

அப்பா பண்ணினார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், பதினான்கு பேர் நடுவில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவர் அதிர. "ஆண்டவரே, மருந்துக் கணக்குல தோத்துப்போன என் மகளைப் பாரும்! புள்ளி வைக்கத் தெரியாத பிள்ளைக்கு ஞானத்தைக் கொடும்! தலகாணி நனைய அழுவுறாளே, அந்தக் கண்ணீரைத் துடையும்!" ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஆமென். அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். சபையில் அவருக்கு 'ஆமென் மாமா' என்றே பெயர்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர், ராங்கி பயிற்சி எடுக்கிற வார்டின் சிஸ்டர். சனிக்கிழமை காலை ராங்கி போனபோது மருந்து டிராலி வேறொருத்தி கையில் இருந்தது. "உங்கப்பா நேத்து ஜெபத்துல சொன்னாரு. நீ படுக்கை விரி" என்றார் சிஸ்டர்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது வம்பு ஆகாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஆனால் சபையில் பாதிப் பேருக்கு அந்த வித்தை கைவந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த ராங்கி, அப்பா முன்னால் போய் நின்றாள். "என் டிராயரைத் திறந்து காலேஜ் லெட்டரைப் படிச்சிருக்கீங்க. அம்மா சொல்லியிருக்க மாட்டா." அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் நின்று, ஏற்கெனவே ஆறிப்போன டீயை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு சேர்த்து இன்று ஏழாம் நாள்.

இன்று பத்து மணிக்கு மறுதேர்வு. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. இன்று தோற்றால் வருஷம் போச்சு. சாயங்காலம் ஆறரைக்கு அதே ஜெபக்கூட்டம். முறைப்படி இந்த வாரம் இவர்கள் வீட்டில்.

"ஆயிரம் மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு இருபது சொட்டு. நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு" என்று முணுமுணுத்தபடி ராங்கி ரொட்டியைப் பிய்த்தாள். ரொட்டி தட்டில் குவிந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை.

எதிரே அப்பா. லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பை காலடியில். பரீட்சை நாள் என்றால் அவள் தலையில் கை வைத்து ஐந்து நிமிஷம் ஜெபிப்பது இந்த வீட்டு வழக்கம். கை பழக்கதோஷத்தில் மேஜைக்கு மேல் வரை எழுந்தது. பாதியில் யோசித்து, சர்க்கரை டப்பாவை எடுத்து, திறந்து, மூடி வைத்தது.

"ரெண்டு பேனா எடுத்துக்கச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"எடுத்தாச்சுன்னு சொல்லும்மா" என்றாள் ராங்கி.

"எடுத்துட்டாளாம்" என்றாள் அம்மா.

இரண்டடி மேஜை. அதற்கு நடுவில் ஒரு தபால் சேவை.

ராங்கி எழுந்தாள். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்: "சாயங்காலம் கூட்டம் முடிஞ்சப்புறம்தான் வருவேன். எனக்குன்னு நாற்காலி போட வேண்டாம்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. மகள் தேர்வில் தோற்கலாம். அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெண் இனி இந்த மேஜையில் உட்கார்ந்து எதையும் சொல்ல மாட்டாள் என்றால், அதற்கு மறுதேர்வு உண்டா?

*

அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரி லாண்டரியில். ஆள் உயர இஸ்திரி மெஷினில் ஒரு பக்கம் ஈரத் துணியைக் கொடுத்தால் மறுபக்கம் சுடச்சுட வரும். எடுத்து நான்காக மடிக்க வேண்டும். மணிக்கு நூற்றைம்பது. அதில் யோசிக்க நேரமில்லை என்பதுதான் அந்த வேலையின் ஒரே சுகம்.

பதினொரு மணிக்கு வார்டு சிஸ்டரே நேரில் வந்தார். "பன்னெண்டு படுக்கை காலியா கிடக்கு, விரிப்பு எங்கே?"

அம்மா அடுக்கைத் தூக்கி டிராலியில் வைத்தாள். வைத்த வேகத்தில் டிராலி ஒரு முழம் நகர்ந்தது.

"விரிக்கத்தான் என் பொண்ணு இருக்காளே சிஸ்டர். அதுக்குன்னே நிறுத்தி வச்சிருக்கீங்களே."

சிஸ்டர் முகம் மாறியது. "அதை ஏன் இப்படிக் கேக்குறீங்க?"

"வேற எப்படிக் கேக்கறது? ஜெபக்கூட்டத்துல காதுல விழுந்ததை எடுத்துட்டுப் போய் டூட்டியை மாத்தினீங்க. ஜெபத்துக்கு வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?"

மடிப்பு மேஜையில் இருந்த இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டரிடம் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

சிஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அக்கா, புள்ளி விட்டா பத்து மடங்கு மருந்து. அது காதுல விழுந்தப்புறம் நான் எப்படி டிராலியைக் கொடுப்பேன்? உங்க பொண்ணுதான். ஆனா கட்டில்ல இருக்கறவங்க வேறொருத்தர் பொண்ணு. காலேஜே எனக்கு எழுதியிருந்தா தனியாக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். அப்பனே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாரு. அப்புறம் நான் தெரியாத மாதிரி நடிக்கணுமா?"

சிஸ்டர் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார். மெஷின் அடுத்த விரிப்பைத் துப்பியது. அதற்கு அடுத்ததையும் துப்பியது. இரண்டும் தரையில் விழுந்தன.

"அக்கா, எங்க போறே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மொட்டை மாடிக்கு. கால் மணி நேரம் பாத்துக்க."

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்குச் சர்வீஸ். இன்று அந்த வெள்ளி. அதனால் ஆறு மாடியையும் படியேறித்தான் போனாள். ஒவ்வொரு மாடிக்கும் கோபம் ஒரு படி கூடியது.

மெஷின் அறையில் அப்பா கைகளில் கிரீஸோடு மண்டியிட்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "ரிசல்ட் வந்துடுச்சா?"

"நாலு மணிக்குத்தான். நான் அதுக்கு வரல. இன்னிக்குச் சாயங்காலம் அவகிட்ட நீங்க மன்னிப்பு கேக்கணும்."

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன். ஏழு நாளாக் கேட்டுட்டுதான் இருக்கேன்."

"அவருக்கு என்ன பண்ணினீங்க நீங்க? தப்பு பண்ணினது அவகிட்ட. பக்கத்து அறையில இருக்கறவகிட்ட கேக்க வேண்டியதை வானத்தைப் பாத்துக் கேட்டா ஆச்சா?"

அப்பா துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

அம்மா சுவரைக் காட்டினாள். மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. "இது என்ன?"

"தெரியாத மாதிரி கேக்குறே. உள்ள ஆள் வேலை பாக்கும்போது கீழ யாராவது கரண்ட்டைப் போட்டுட்டா ஆள் செத்தான். அதான் அவனவன் பூட்டை அவனவன் போட்டு, சாவியைச் சட்டைப் பையில வச்சுக்கறது."

"முப்பது வருஷமா ஒரு நாள் மறந்ததில்ல, இல்ல? உங்க பொண்ணு உள்ள நின்னு தன்னைத்தானே சரி பண்ணிட்டிருந்தா. நீங்க பாட்டுக்குப் பதினாலு பேர் முன்னாடி சுவிட்சைப் போட்டுட்டீங்க."

லிஃப்டுக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கருவிப் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அவகிட்ட பேச வரலையே" என்றார். "சின்னப் பிள்ளையா இருந்தப்போ வந்துச்சு. இப்போ அவ படிக்கிற படிப்புக்கு நான் என்ன பேசினாலும் அசடு வழியும். கண்ணை மூடினாதான் அவளைப் பத்தி எனக்கு வார்த்தையே வருது. அதான் கொட்டிடறேன்."

"அதுக்காக..."

"இரு. நீ ஒண்ணு சொன்னே, நானும் ஒண்ணு சொல்றேன்." அவர் தலை நிமிரவில்லை. "லெட்டரை நான் பிரிச்சேன்னு நினைச்சிட்டிருக்கா. நான் இல்லைன்னு சொல்லல. அதையும் சொல்லிட்டா, இந்த வீட்ல அவளுக்குன்னு யாரு மிச்சம்? உன்னையாவது நம்பிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அம்மா ஆறு மாடி சுமந்துகொண்டு வந்த கோபம், இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வந்தவள் வழக்கு போட வந்தாள். இங்கே வந்து பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, ஏழு நாளாக அந்த இடத்திலும் இந்த மனுஷனே நின்றிருக்கிறார்.

"ஏங்க சொல்லல என்கிட்ட?"

"நீ கேக்கலையே."

இறங்கும்போது நான்காவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரியாதவள் தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

*

நான்கு மணி ஆயிற்று. போன் வரவில்லை. ஐந்து ஆயிற்று. அம்மா கூப்பிட்டால் மகளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஆறரைக்கு நாற்காலிகள் நிறைந்தன. பாஸ்டர், பாஸ்டரம்மா, ஆமென் மாமா, மற்றவர்கள். சிஸ்டரும் வந்தார்; அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் கதவோரம் உட்கார்ந்தார். "ரிசல்ட் தெரியுமா?" என்று அம்மா கிசுகிசுத்ததற்கு, நிமிராமலே உதட்டைப் பிதுக்கினார்.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து வந்து நடுவில் போட்டாள். "யாருக்கு?" என்றார் மாமா. "இருக்கட்டும்" என்றாள்.

ஒரு பாட்டு முடிந்தது. பாஸ்டர் "கண்களை மூடி..." என்று தொடங்கிய நேரம் கதவு திறந்தது. ஷூவைக் கையில் பிடித்தபடி ராங்கி. கூட்டம் முடிந்திருக்கும் என்று நினைத்து வந்தவளா, நின்று காத்துக் கால் வலித்து வந்தவளா தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"வாம்மா ராங்கி" என்றார் மாமா, கண்ணை மூடியபடியே. "உக்காரு. உனக்காகத்தான் எல்லாருமா..."

"எனக்காக வேண்டாம் மாமா." சுவரோரமாக அறைக்குப் போகத் திரும்பினாள்.

"பாஸ்டர், ஒரு நிமிஷம்." அப்பா எழுந்துவிட்டார். "நான் இன்னிக்கு ஜெபம் பண்ணல. என் பொண்ணுகிட்டப் பேசணும். எல்லாரும் கேக்கணும். போன வாரமும் எல்லாரும்தானே கேட்டீங்க."

பாஸ்டர் மூடிய கண்ணைத் திறந்தார். மாமா மட்டும் மூடியே வைத்திருந்தார்.

"நீங்களும்தான் அண்ணே" என்றார் அப்பா. மாமா ஒரு கண்ணைத் திறந்தார்.

அப்பா மகளைப் பார்த்து நின்றார். தொண்டையைச் செருமினார். இத்தனை நாள் சுவரை அதிர வைத்த குரல், இன்று பக்கத்து நாற்காலியைத் தாண்டவே சிரமப்பட்டது.

"உன் விஷயத்தை உன்னைக் கேக்காம சொல்லிட்டேன். ஜெபம்னு பேரு வச்சு சொன்னேன். பேரு என்ன வச்சாலும் அது உன் விஷயம். அதனால டிராலி போச்சு. இத்தனை பேர் முன்னாடி உன்னைத் தலை குனிய வச்சேன். தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மாமாவுக்கு வாய்வரை வந்தது. பாஸ்டரம்மா ஒரு பார்வை பார்த்தார்.

ராங்கி ஷூவைக் கீழே வைத்தாள். "டிராயரைத் திறந்தது?"

"அது..." என்றார் அப்பா.

"அவர் திறக்கல." அம்மா எழுந்து நின்றிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. "லெட்டரை யாரும் படிக்கல. நான்தான் சொன்னேன். நீ சொல்லாதன்னு சொன்ன அன்னிக்கே சொன்னேன். அப்புறம் நீ அவரைத் திட்டினே. நான் பேசாம நின்னேன்."

"நீயா?"

"நான்தான்."

"ஏழு நாளா நான் அவர் முகத்தைப் பாக்கல. நீ பக்கத்துல நின்னு டீ ஆத்திட்டிருந்தே."

"ஆமாடி."

ராங்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ஏம்ப்பா சொல்லல?" அப்பா தோளைக் குலுக்கினார், அது ஏதோ சின்ன விஷயம் மாதிரி. அதைப் பார்த்ததும்தான் அவள் உதடு துடித்தது. ஆனால் அழவில்லை. ராங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

நேராக வந்து, நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் மேல எனக்குப் பயங்கரக் கோபம். அதை நாளைக்கு வச்சுக்கறேன். இன்னிக்கு அதுக்கு நேரம் கிடையாது." பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "இன்னிக்கு நான் இருபதுக்கு இருபது."

அப்பா தாளை வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்படியும் இருபது தெரிந்தது.

"இருபதா?" என்றாள் அம்மா.

"இருபது. ஒவ்வொரு புள்ளியையும் பேனா முனையால தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எனக்காக நானே ஜெபம் பண்ணிட்டுத்தான் உள்ள போனேன். சத்தமில்லாம. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அடக்கி வைத்திருந்த மாமாவால் இனி முடியவில்லை. "ஆமென்!" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறையே சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் கதவோரத்திலிருந்து சிஸ்டர் எழுந்து வந்தார்.

"திங்கக்கிழமை மருந்து டிராலி உன் கையில. நான் பக்கத்துல நிப்பேன். நம்பிக்கை இல்லாம இல்ல. எல்லாப் பிள்ளைங்களுக்கும் நிக்கற மாதிரிதான். போன சனிக்கிழமை உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு."

"சரி சிஸ்டர்" என்றாள் ராங்கி. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "ஒரு விஷயம். இனிமே யார் பேரையாவது சொல்லி ஜெபம் பண்ணணும்னா, மொதல்ல அவங்களைக் கேளுங்க. என்னை மட்டும் இல்ல. பாஸ்டரம்மாவோட முழங்கால் வலி வரைக்கும்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் மாமா.

"எப்படித் தெரிஞ்சதுன்னு நினைக்கிறீங்க?" என்றார் பாஸ்டரம்மா.

பாஸ்டர் சிரித்தபடி தலையசைத்தார். "இந்த வாரமே ஆரம்பிப்போம்."

"இப்ப நான் கேக்கறேன். அப்பா, எனக்காக ஜெபம் பண்ணுங்க." ராங்கி தலையைத் தாழ்த்தினாள். "நன்றி மட்டும். விவரம் வேண்டாம்."

கிரீஸ் போகாத அந்தப் பெரிய கை வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. அப்பா தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஜெபத்தைப் பண்ணினார்.

"நன்றி, ஆண்டவரே."

அதற்கு வந்த ஆமென், ஜெபத்தைவிட நீளமாக இருந்தது. பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

*

எட்டு மணிக்குள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அம்மா மேஜையில் கிடந்த டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். உடம்பு அலுத்திருந்தது. மனசு துள்ளிக்கொண்டிருந்தது. நாளைக்கு வாங்கப்போகிற திட்டை நினைத்தால்கூடச் சந்தோஷமாக இருந்தது. திட்டுவதற்கு அவள் இந்த மேஜைக்கு வந்தாக வேண்டுமே!

அப்பா நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். ராங்கி மேஜையில் உட்கார்ந்து, பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்திக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தொரு வருஷமாக அந்த வீட்டில் எந்தச் சேதியும் முதலில் அவளிடம்தான் வந்திருக்கிறது. "சொல்லுடி."

ராங்கி அவளைப் பார்த்தாள். அதில் கோபம் கொஞ்சம், குறும்பு கொஞ்சம், வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"அப்பாகிட்ட. நீ கொஞ்சம் உள்ள இரேன்ம்மா."

கையில் நாற்காலியோடு அப்பா அப்படியே நின்றார். "என்கிட்டயா?" என்றார், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர் மாதிரி.

அம்மாவுக்கு ஒரு கணம் முகம் சுருங்கியது. அடுத்த கணம், எழுந்துவிட்டாள். டம்ளர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள்.

கதவு மெல்லிய பலகை. காதை வைக்கவே வேண்டாம். இரண்டு எட்டுத் தள்ளி நின்றாலே கேட்கும்.

மகள் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அப்புறம் நாற்காலி தரையில் வைக்கப்படும் சத்தம். அப்பாவின் குரல்: "ரெண்டு வருஷமாவா?"

அம்மாவின் கை டம்ளரோடு அந்தரத்தில் நின்றது. என்ன ரெண்டு வருஷம்? யார் கூட? எங்கே?

அவள் தலை கதவின் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது.

பிறகு நிமிர்ந்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.